ஐம்பத்தெட்டுக்காரர்

டாக்டரம்மா விவரங்களைத் தட்டிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். நூற்றுக்குப் பதினான்கு. திருமூர்த்தியின் விந்தணுவை வைத்துச் சிகிச்சை செய்தால் கரு தங்க அவ்வளவுதான் வாய்ப்பாம். "டோனர்னா, அதாவது வேற ஒருத்தரோடதுன்னா, என்ன வருதுன்னும் பாத்துடலாம்" என்று ஒரு கட்டத்தை அழுத்தினார். எண் ஐம்பத்தெட்டுக்குத் தாவியது.

"அவருன்னா அம்பத்தெட்டுங்களா டாக்டர்?" என்று கண்கள் விரியக் கேட்டாள் சுகந்தி.

திருமூர்த்திக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. மாமியாரிடம் பேசினாலும் பால்காரரிடம் பேசினாலும் அவள் வாயில் 'அவர்' என்றால் அது அவன் ஒருவன்தான். முகம்கூட இல்லாத எவனுக்கோ அதை இத்தனை சுலபமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே. அந்தப் பயலுக்கு 'அவன்' போதாதா?

படியிறங்கும்போது அவளுடைய அம்மா போனில் கூப்பிட்டாள்.

"அவரு பக்கத்துலதாம்மா இருக்காரு" என்றாள் சுகந்தி.

திருமூர்த்தி, அவளுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தான்.