சைடுபாரில் மூன்றாவது டேப்

"யாரைக் கேட்டும்மா அதை ஒளிச்சு வச்சே?"

உள்ளே வந்து உட்காருவதற்குள் கேள்வி வந்து விழுந்தது. வலைப்பக்கம் வடிவமைத்துத் தரும் டிசைனர், தன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தபடியே சிரித்து வைத்தாள்.

"ஒளிக்கல மேடம். அடுக்கி வச்சேன்."

அப்படித்தான் அவள் நம்பினாள். சலவைக்கடை நடத்தும் இந்த அம்மாள், துணியில் கறை எடுப்பது பற்றி ஒரு வலைப்பூ எழுதுகிறார். மை, துரு, எண்ணெய், மெழுகு என்று அவர் கை வைக்காத கறை இல்லை. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் இருந்த சைடுபார் மட்டும் அனுமார் வாலாக நீண்டு கிடந்தது. கருத்துகள், புதிய பதிவுகள், பழைய பதிவுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. டிசைனர் அதைப் பிடித்து மூன்று டேப்களுக்குள் அடக்கினாள். அதிகம் படித்தவை, புதியவை, கருத்துகள். எதைத் தொட்டாலும் அது முன்னால் வரும், மற்றவை மறைந்துகொள்ளும். இதே வேலைக்கு இன்னொரு வாடிக்கையாளர் அவளை வாயார வாழ்த்தினார். இந்த அம்மாள் என்னடாவென்றால், போனில் ஒரு பாட்டம் கத்திவிட்டு நேரிலேயே வரச் சொல்லிவிட்டார்.

"பழைய வாசகர்னு ஒருத்தர் எழுதுவாரு. நீ மாத்தினதிலேர்ந்து அவர்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல."

"ஏதாவது வேலையா இருப்பாரு மேடம்."

"அவருக்கு என்ன வேலை? முன்னாடி நான் போடற பதில் பக்கத்தைத் திறந்ததுமே தெரியும். அதைப் பார்த்துட்டு மறுபடி எழுதுவாரு. இப்பத் திறந்தா 'அதிகம் படித்தவை'ன்னு ஏதோ வந்து நிக்குது. நான் பதிலே போடலன்னு நினைச்சிருப்பாரு. இல்ல, அவர் எழுதினதையே நான் தூக்கிட்டேன்னு நினைச்சிருப்பாரு."

"மூணாவதா 'கருத்துகள்'னு இருக்கே. ஒரு தட்டு தட்டினா வந்துடும்."

"கண்ணுல பட்டாத்தான் பார்ப்பாரு. தட்டித் தேடற ஆள் இல்ல."

"அப்ப ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்."

"அதெல்லாம் பேசிக்கறதில்லம்மா." அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "எழுதறதோட சரி."

டிசைனருக்குச் சுருக்கென்றது. தன்னையறியாமல் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அம்மாளின் கணவர் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். சற்று முன் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். இன்னார் வந்திருக்கிறார் என்று உள்ளே ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. கையிலிருந்த போனால் அறையைச் சுட்டிக் காட்டிவிட்டு, அதைப் பார்த்தபடியே போய்விட்டார். சட்டைப் பையின் அடியில் பெரிதாக ஒரு மைக்கறை. ஊரார் கறையெல்லாம் எடுக்கும் வீட்டில் இப்படி ஒரு சட்டையா என்று அப்போதே நினைத்தாள். இப்போது பாவமாக இருந்தது. அந்த மனிதர் தேமே என்று டீ போடுகிறார். இந்த அம்மாள் யாரோ ஒருவருக்காக உருகிக்கொண்டிருக்கிறார்.

குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்படி என்னதான் எழுதுவாரு மேடம்?"

அம்மாள் பழைய கருத்துகளைத் திறந்து காட்டினார். 'துருக்கறைக் குறிப்பு நன்று.' சரி. அதற்கு அடுத்தது, 'மழை வரும்போல் இருக்கிறது. போர்வை இன்னும் காயவில்லை.' அதற்கு அம்மாளின் பதில், 'எடுத்து மடித்து வைக்கவும்.'

"கறைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவருக்கு அப்படித்தான் எழுத வரும்" என்றார் அம்மாள், விட்டுக்கொடுக்காமல்.

"மேடம், கருத்துகளை யாருமே முதல்ல வைக்க மாட்டாங்க. உங்க பதிவுகளை எவ்வளவு பேர் தேடி வந்து படிக்கறாங்க. அவங்களுக்கு..."

"அவங்க படிச்சா படிக்கட்டும். இவர் நின்னுட்டாருன்னா நான் இதை மூடிடுவேன். அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?"

அம்மாளின் கண்ணில் தண்ணீர் நின்றது. டிசைனர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். கடைசி டேப்பை இழுத்து முதலில் வைத்தாள். பக்கம் திறந்ததும் அதுவே விரியும்படி மாற்றினாள். வேலை என்னவோ சின்னதுதான். ஆனாலும் ஒரு நல்ல குடும்பத்துக்குத் தன் கையாலேயே கொள்ளி வைக்கிறோமோ என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏதாவது எழுதிப் பாருங்க."

அம்மாள் ஒற்றை விரலால் தடவித் தடவித் தட்டினார். 'நலமா? சில நாளாகக் காணவில்லையே.'

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிசைனரும் பார்த்தாள். சமையலறையில் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது.

"வந்திருக்கா பாரும்மா."

"இப்பத்தானே மேடம் போட்டீங்க? எந்த ஊர்ல இருக்காரோ, பார்க்க வேண்டாமா?"

"நீ பாரு, சொல்றேன்."

வேறு வழியில்லாமல் டிசைனர் பக்கத்தைப் புதுப்பித்தாள். சைடுபாரின் உச்சியில் புதிதாக ஒரு கருத்து வந்து உட்கார்ந்திருந்தது.

'பழைய வாசகர்: நலம். சட்டையில் மை கொட்டிவிட்டது, என்ன செய்வது? அது மெதுவாக ஆகட்டும். முதலில், வந்திருக்கும் பெண்ணுக்கு டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுச் சொல்லவும்.'