திரும்பி நின்ற D

பிளாஸ்மா ஆறு நொடி அணையாமல் நின்றது.

கட்டுப்பாட்டு அறையில் உடனே யாரும் கைதட்டவில்லை. எங்கள் அணுக்கரு இணைவு எந்திரத்தில் அந்தக் கொதிக்கும் வாயு மூன்று நொடிக்கு மேல் நின்றதே இல்லை. விளிம்பில் குட்டிக் குட்டி வெடிப்புகள் கிளம்பி, உட்சுவரைச் சுட, பிளாஸ்மா அணைந்துபோகும். இன்று ஒரு வெடிப்புகூட இல்லை.

திரையைப் பார்த்த பிறகுதான் குழுத் தலைவருக்குப் புரிந்தது. காந்தச் சுருள்கள் பிளாஸ்மாவை எப்போதும் D எழுத்துப்போல் பிடித்து வைக்கும். இன்று அந்த D திரும்பி நின்றது.

எண்களைப் போட்டது யார் என்று கேட்டார்.

அது என் வேலை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“தெரியாம மைனஸ் விழுந்துடுச்சு சார்.”

அறையே சிரித்தது. வாயில்லாப் பூச்சிக்கு ராசியான கை என்றார் தலைவர். இனிமேல் எல்லாவற்றையும் இவளையே தப்பாகச் செய்யச் சொல்லலாம் என்றார் வெற்றிட பம்பு பார்ப்பவர்.

பக்கத்து நாற்காலியில் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

கூடப் பிறந்தவள் இல்லை. அந்த அறையில் நான் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள். D-யைத் திருப்பிப் பார்க்க மூன்று முறை அனுமதி கேட்டிருந்தாள். எழுத்தைத் திருப்பிப் போடுவதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்று மூன்று முறையும் தலைவர் தள்ளிவிட்டார். இந்த வாரத்தோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கக் கேட்கலாம் என்றால், காட்ட அவளிடம் ஒரு வெற்றியும் இல்லை.

அவள் என் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். எண்களை மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்தினாள்.

ஒரு சுருளில் வெறும் மைனஸ் விழுந்திருந்தால் பிளாஸ்மா சுவரில் முட்டி, இமைப்பதற்குள் அணைந்திருக்கும். அது திரும்பி நிற்க, ஒவ்வொரு சுருளின் மின்னோட்டத்தையும் மாற்ற வேண்டும்.

“பதினாலு சுருளுக்குமா தெரியாம விழுந்துச்சு?”

எனக்கு மட்டும் கேட்கும்படிதான் கேட்டாள்.

பதினாலும் அவள் போட்ட கணக்கு. அவளுடைய மூன்றாவது விண்ணப்பத்தின் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்து, அவளிடம் சொல்லாமல், ஒவ்வொன்றாக நான் அடித்தவை. ஜெயித்தால் இது அக்காவின் வடிவம் என்று தலைவரிடம் சொல்ல நினைத்திருந்தேன். காலையிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் சொல்லலாம். தலைவர் நான்கடி தூரத்தில் நின்றார்.

நாக்கு எழவில்லை.

இதே வடிவத்தை மறுபடி ஓட்டலாம், சேமித்து வை என்றார் அவர். எங்கள் எந்திரத்தில் ஒவ்வொரு வடிவமும் அதை உருவாக்கியவர் பெயரில்தான் சேமிக்கப்படும்.

பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. அக்கா பெயரை அடித்தால், ஏன் என்று தலைவர் கேட்பார்; நான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அக்கா என்னைத் தாண்டிக் கையை நீட்டினாள். என் பெயரை அடித்தாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.