முதல் பெயர்

“நன்றிப் பக்கத்துல எங்க கம்பெனிக்கு மேல இருளாயின்னு ஒரு பேரு இருக்கே, யாருங்க அது?”

சென்னையிலிருந்து மேலாளர் பேசினார். விடுதிகளின் அறைப்பதிவுக்கு ஜெயமுருகன் எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் தரும் திறந்தமூல மென்பொருளுக்கு நிதி தருவது அவருடைய கம்பெனி. யார் பெயர் எங்கே என்று இந்த மாதம் வந்த நாலாவது போன் இது.

“செண்பகனூர்ல டீக்கடை வச்சிருக்காங்க சார்.”

“எவ்வளவு ஸ்பான்சர் பண்ணாங்க?”

“பணமா ஒண்ணும் தரலைங்க.”

“அப்ப எடுத்துருங்க.”

விளக்கிச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. ஆறு வருடமாக முதலில் இருந்த பெயரை எடுத்துவிட்டான். மனசு கேட்காமல் கடைக்குப் போய் அதைச் சொல்லவும் செய்தான்.

இருளாயி டீயை ஆற்றியபடியே கேட்டுக்கொண்டாள். “காசு குடுக்கிறவுக பேரைத்தான போடணும்? நியாயந்தான், விடு தம்பி.”

ஆற்றிய டீ வேறு யாருக்கோ போனது.

மறுநாள் காலை அவன் கடை வாசலில் நிற்கும்போதே மேலாளர் அழைத்தார்.

“எங்க பேரு முதல்ல வந்துருச்சு, தேங்க்ஸ். ஆனா ஒரு விடுதியிலயும் பதிவு ஆகலையே?”

“சர்வர் கம்ப்யூட்டர் நின்னுருச்சு சார்.”

“ஏன்? அங்க என்ன சத்தம்?”

“கிரைண்டர் சார். அக்கா கடையில இருக்கிறது ஒரே பிளக்கு. ஆறு வருசமா வடைமாவை வெளியில குடுத்து ஆட்டிக்கிட்டு, அந்தப் பிளக்கை நம்ம சர்வருக்கு விட்டிருந்தாங்க.”