பன்னிரண்டாம் வாரம்

முதல் இணைப்பு திறக்கவில்லை.

இரண்டாவதும் திறக்கவில்லை. அவளுக்கு வியப்பில்லை. பன்னிரண்டுமே திறக்காது என்று பார்க்காமலே சொல்லியிருப்பாள்.

அவள் பல்கலைக்கழக நூலகர். இந்த வாசிப்புப் பட்டியலைப் போட்டவர் வரலாற்றுத் துறை நம்பிராஜன். அவள் கணவர்.

மாணவர்கள் வாரந்தோறும் படிக்க வேண்டிய கட்டுரையை அவர் இணைய நூலகத்தில் திறப்பார். மேலே தெரிகிற முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுவார். அவர் அந்தத் தளத்தைவிட்டு வெளியேறும்வரைதான் அந்த முகவரிக்கு உயிர். பக்கத்திலேயே 'நிரந்தர இணைப்பு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கி எடுத்துக் கொடுத்தால், எந்தப் பிள்ளை எந்த ஊரிலிருந்து தொட்டாலும் திறக்கும்.

பதினாறு வருடமாகச் சொன்னாள். நூலகத்தில் சொன்னாள். வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்.

செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"சரி பண்ண நீ இருக்கேல்லா?" என்பார்.

ஒவ்வொரு பருவமும் அவள்தான் உட்கார்ந்து மாற்றுவாள். திட்டிக்கொண்டே மாற்றுவாள்.

அவர் போய் நாற்பத்து மூன்று நாள் ஆகிறது.

இந்த முறை திட்டவில்லை.

ஒவ்வொரு முகவரிக்குக் கீழும் கட்டுரையின் பெயரை எழுதியிருந்தார். தேடுவது சுலபம். ஒரு மணி நேர வேலை. காலையிலிருந்து இழுத்து இழுத்துச் செய்தாள். மூன்று மணிக்குப் பதினொன்று முடிந்துவிட்டது.

பன்னிரண்டாவதற்குப் பெயர் இல்லை.

'எனக்கு ரொம்பப் பிடித்தது. இதைப் படிக்காமல் வகுப்புக்கு வராதீர்கள்.' அவ்வளவுதான்.

தொட்டாள். திறக்கவில்லை. முகவரி முழுக்க எண்கள். அதை வைத்துக்கொண்டு எந்தக் கட்டுரை என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது.

அவருக்குப் பதிலாக வந்திருக்கும் விரிவுரையாளரைத் தொலைபேசியில் கேட்டாள்.

"கிடைக்கலேன்னா எடுத்துருங்க மேடம். பதினொண்ணு போதும்."

போதாது. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவருக்கு ரொம்பப் பிடித்த கட்டுரை எது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

ஒரு வழி இருந்தது. யார் எதைத் திறந்து படித்தார்கள் என்பது அவரவர் நூலகக் கணக்கில் பதிந்திருக்கும்.

அவருடைய எண்ணை அடித்தாள். ஒரு தரம் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள்.

கணக்கு இல்லை.

நீக்கிய தேதி இருந்தது. நீக்கியவர் என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது.

அன்று அவர் போய்ப் பதினேழாம் நாள். விடுப்பு முடிந்து வேலைக்கு வந்த முதல் காலை. ஓய்வு பெற்றவர்கள், ஊர் மாறியவர்கள், இறந்தவர்கள் என்று கணக்கை மூட வேண்டிய பெயர்கள் காத்திருந்தன. உதவி நூலகர் பிரிசில்லா தாளைக் கொடுக்காமல் நின்றாள்.

"நான் பண்ணிருதேன் மேடம். நீங்க விடுங்க."

கேட்கவில்லை. வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். யாரும் தன்னைப் பரிதாபமாகப் பார்த்துவிடக் கூடாது என்ற வீம்பு. ஒன்பது பெயர்கள். ஐந்தாவது அவர். மற்ற எட்டைப் போலத்தான் அதையும் நீக்கினாள்.

நிச்சயமா என்று கணினி ஒரு தடவை கேட்கும். அன்றும் கேட்டிருக்கும்.

இப்போது அழுகை வந்தது. பக்கத்து மேசையில் இருந்த பிரிசில்லா இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியலின் ஓரத்தில், சோதித்தவர் நிரப்ப வேண்டிய பத்தி. திறக்கிறது, திறக்கவில்லை, இரண்டில் ஒன்று. திறக்கவில்லை என்று போட்டால் அந்த வரி தானாகவே அழிந்துவிடும்.

ஒன்றிலிருந்து பதினொன்றுவரை நிரப்பினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கு எதிரே, 'திறக்கிறது' என்று போட்டாள்.