லீவு போட்ட நாய்

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்த பொய்யின்னாலும் என் மீச பொசுங்கிப் போகட்டும்.

கருவாயன்னு ஒரு நாய் இருந்தான். தெருவுல போற வண்டியையெல்லாம் விரட்டுவான். ஒருநாள் சக்கரத்துல மாட்டி, ஒரு காலு நொண்டியாச்சு. "இனிமே விரட்டவே மாட்டேங்க்கா"ன்னு பக்கத்து வீட்டுக் கோழிகிட்ட சத்தியம் பண்ணினான். மறுநாளே ஒரு ஸ்கூட்டர் பின்னாடி நொண்டி நொண்டி ஓடுறான்!

கோழிக்கு வந்துச்சே ஆத்திரம். "உசுரு போனாத்தான் நிறுத்துவியா? உன்ன நீ யாருன்னுடா நெனச்சுக்கிட்டிருக்க?"

"வண்டி விரட்டுற நாய்க்கா. இப்ப லீவுலதான் இருக்கேன், ஏதோ பழக்கதோஷத்துல ஓடிட்டேன்."

"லீவு முடிஞ்சா வேலைக்குத்தானேடா போவ, மூதேவி!"

தலையில அடிச்சுக்கிட்டே குஞ்சுங்கள அவன் முன்னாடி தள்ளிவிட்டுச்சு. "இனிமே நீ இதுங்களுக்குத் தாய்மாமன். பாத்துக்க, நான் போயி மேஞ்சுட்டு வரேன்."

குஞ்சுங்க "மாமா, மாமா"ன்னு அவன் வயித்துக்கு அடியில பூந்துக்கிச்சுங்க.

அந்நேரம் பாத்து டபடபன்னு ஒரு புல்லட்டு வந்துச்சு. கோழி பதறியடிச்சு ஓடிவந்து பாத்தா, கருவாயன் அசையாம உக்காந்திருக்கான்.

"விரட்டலையாடா?"

"என்னக்கா பேசுற? தாய்மாமன் போயி வண்டி பின்னாடி ஓடினா ஊரு சிரிக்காதா?"

அவ்வளவுதான் கத. நைசா நழுவாதீங்க, ஆளுக்கொரு முட்ட போண்டா வாங்கி வைங்க. கோழிகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க.