வலியே இல்லாத ஆட்டம்

டென்னிஸ் வீரருக்கு முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை, தோள்பட்டையில் ஒன்று. "காயம் மட்டும் குறுக்கே வராமலிருந்தால் இவர்தான் உலக சாம்பியன்" என்று பத்திரிகைகள் வருடக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தன. பிசியோதெரபிஸ்டான மனைவி விடாப்பிடியாக நின்று அவரைத் தேற்றி, இன்று மறுபடியும் களமிறக்கியிருந்தாள். ஆட்டத்தைப் பார்க்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை. வீரர்களின் அறையிலேயே நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் ராக்கெட்டை மூலையில் வீசினார். அவள் பதறி எழுந்தாள்.

"என்னங்க, பாதியிலயே வந்துட்டீங்க? முழங்காலா?"

"இல்ல."

"தோள்பட்டை பிடிச்சுக்கிச்சா?"

"அது கல்லு மாதிரி இருக்கு."

"அப்போ எங்கதான் வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல! போதுமா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் உழைப்பு வீண் போகல. முழு ஆட்டமும் ஆடினீங்களா?"

"ஆடினேன். ஆறு பூஜ்யம், ஆறு பூஜ்யம்."

"அடேங்கப்பா! இவ்வளவு சுலபமாவா ஜெயிச்சீங்க?"

"ஜெயிச்சது அவன்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

"உன்னை யாரு என்னை இவ்வளவு நல்லா குணப்படுத்தச் சொன்னது? வெளியே பத்திரிகைக்காரங்க கேமராவோட நிக்கிறாங்க. சீக்கிரம் ஒரு கட்டு போட்டு விடு."

"எந்தக் காலுக்குங்க?"

அவர் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுல போட்டா டிவியில நல்லாத் தெரியும்?"