தரிசு மானியம்

மழை விட்ட காலை. கணவனும் மனைவியும் தங்கள் வயலில் குனிந்து சோளக் குருத்துகளைப் பிடுங்குகிறார்கள். இந்த வருடம் நிலத்தைத் தரிசாகப் போட்டால் அரசாங்கம் மானியம் தரும். பயிர் நின்றால் கிடையாது. அடுத்த அறுவடைவரை அந்த மானியம்தான் சோறு. இவர்கள் விதைக்கவில்லை. போன அறுவடையில் சிந்திய மணிகள் தாமாக முளைத்துவிட்டன. பழக்கம் விடாத கைகள், வேர் அறாமல், நாற்று எடுப்பது போலவே எடுக்கின்றன. "முந்தின வருஷம் விதைச்சிட்டுத் தலைகீழா நின்னோம், ஒரு முளைகூட எட்டிப் பாக்கல. இப்ப இதுங்கள யாரு கூப்பிட்டா?" என்கிறாள். "பேசாமப் பிடுங்கு, பைக் சத்தம் கேக்குது." அவள் குருத்துகளை மடியில் திணிக்கிறாள். நிலம் தரிசுதானா என்று பார்க்க வந்த ஆய்வாளர் வரப்போரம் வண்டியை நிறுத்துகிறார். மடிக்கு வெளியே பச்சை இலை ஒன்று நீட்டிக்கொண்டு ஆடுகிறது. "அது என்னம்மா?" "ஆட்டுக்குப் புல்லுங்க." கணவன் தரையைப் பார்க்கிறான். வீட்டுப் பக்கம் ஆட்டுக் கொட்டில் கூரை சரிந்து காலியாகக் கிடக்கிறது. ஆய்வாளர் அதையும் ஒருமுறை பார்க்கிறார். படிவத்தில் 'பயிர் இல்லை' என்று எழுதுகிறார். வண்டியைக் கிளப்பிக்கொண்டே, திரும்பாமல் சொல்கிறார்: "கிணத்தோரம் இன்னும் கொஞ்சம் புல்லு நிக்குது. நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றதுக்குள்ள ஆட்ட மேய விட்டுடுங்க."